முன்னால் இனிஷியல், பின்னால் இனிஷியல்



போன வாரம் என் பள்ளித் தோழர் ஒருவருக்குத் துணையாக வங்கிக்குப் போயிருந்தேன். ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்று விஷயம். பென்ஷன் புத்தகத்தில் அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஐயா, ரெண்டும் நீங்கதான்னு எனக்குத் தெரியுது. ஆனா சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது." தோழருக்குக் கோபம். "முப்பது வருஷமா இங்கதானம்மா கணக்கு வெச்சிருக்கேன். இனிஷியல் இடம் மாறினா நான் வேற ஆளாயிடுவேனா?"

அவருக்குக் கோபம் வந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக வீடு வரும்வரை என்னோடு அவர் பேசவில்லை. சிரித்த காரணத்தை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டியிருக்கும். கேம்பிரிட்ஜ், சிகாகோ எல்லாம் போய்விட்டுத் திருச்சிக்கு வரவேண்டும்.

1999இல் திருச்சியில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். வாய்க்கால், மதகு, கரை இவற்றுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் கொடுப்பது எங்கள் தொழில். அப்போது வந்த வேலை, ஒரு பழைய வாய்க்கால் வலையில் வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும் என்று கண்டுபிடிப்பது. அந்த எண்ணை வைத்துத்தான் கரையின் உயரத்தை முடிவு செய்வார்கள். கரைக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருந்தன.

கணக்கு கடைசியில் பல நூறு சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்ப்பதில் வந்து நிற்கும். பள்ளியில் எக்ஸ், ஒய் என்று இரண்டு சமன்பாடு போட்டோமே, அதேதான். எண்ணிக்கை மட்டும் அதிகம். நானே சி மொழியில் எழுதி வைத்திருந்த தீர்வு முறை சின்னக் கணக்குகளுக்கு ஓடியது. பெரிய வலையில், நடுவில் பூஜ்யத்துக்குப் பக்கத்து எண்ணால் வகுத்துவிட்டுத் தடுமாறியது. இதற்கென்றே உலகத்தின் பெரிய கணித மேதைகள் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் லாபேக் என்ற நூலகம் இருக்கிறதே, அதைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று நினைத்தேன். தொலைபேசி வழி இணையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து இறக்கினேன். எங்களிடம் இருந்தது மேசைக் கணினியும் விஷுவல் சி++ 6 கம்பைலரும் மட்டும். பட்டனை அழுத்தினேன். திரையில் மூன்று வரிகள்:

"எல்.என்.கே. 2001: அன்ரிசால்வ்டு எக்ஸ்டெர்னல் சிம்பல்."

அதாவது, 'நீ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.' ஆனால் அவர் இருக்கிறாரே! என் கண்ணுக்கு முன்னால் அதே கோப்பில் இருக்கிறாரே! வங்கியில் என் தோழர் கேட்ட கேள்வியைத்தான் அன்று நான் திரையைப் பார்த்துக் கேட்டேன்.

கணினிப் பழக்கம் இல்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பைலர் என்பது நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றுவது. ஆனால் அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத்தான் மாற்றும். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பில் உள்ள ஆளைக் கூப்பிட்டால், 'இந்தப் பெயருக்கு ஒரு கடிதம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். எல்லாக் கோப்புகளும் தயாரானதும் லிங்கர் என்ற தபால்காரர் வருவார். ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து, அந்தப் பெயருள்ள வீட்டைத் தேடிச் சேர்ப்பார். அவருக்கு யாரையும் முகம் தெரியாது. உறை மேல் எழுதிய பெயரும் வாசலில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'விலாசதாரர் இல்லை' என்று திருப்பிவிடுவார். ஒரே பெயரில் இரண்டு வீடு இருந்தாலும் திருப்பிவிடுவார்.

இந்தத் தபால்காரர் எப்போது வேலைக்கு வந்தார்?

1949 மே 6. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டிய எட்சாக் என்ற கணினி அன்றுதான் முதல் முறையாக ஓடியது. அறை நிறைய வால்வுகளும் பாதரசக் குழாய்களும். புரோகிராம் என்பது துளை போட்ட காகித நாடா. ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. வர்க்கமூலம், சைன், காஸ் போன்ற கணக்குகளை ஒவ்வொருவரும் தானே எழுதுகிறார், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தவறு செய்கிறார். ஒருவர் சரியாக எழுதிச் சோதித்ததை எல்லோரும் பயன்படுத்தினால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் சப்ரூட்டீன் நூலகம். நூலகம் என்று சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு அலமாரி. அதில் காகித நாடாச் சுருள்கள். உங்களுக்கு வேண்டியதை எடுத்து, அதற்கென்று இருந்த இயந்திரத்தில் உங்கள் நாடாவிலேயே நகல் எடுத்துக்கொண்டு, சுருளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட வேண்டும். 1951 வாக்கில் அதில் 87 சப்ரூட்டீன்கள் இருந்தன.

இங்கே ஒரு சிக்கல். நகல் எடுத்த சப்ரூட்டீன் நினைவகத்தில் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது. ஒருவர் புரோகிராமில் 100ஆம் இடம், இன்னொருவருடையதில் 200. வீடு மாறினால் விலாசத்தையும் மாற்ற வேண்டுமே. அந்த வேலையை டேவிட் வீலர் என்ற இளைஞர் இயந்திரத்திடமே ஒப்படைத்தார். நாடாவைப் படித்து உள்ளே ஏற்றும்போதே, தேவையான விலாசங்களில் ஆரம்ப இடத்தைக் கூட்டிக்கொள்ளும்படி ஒரு தொடக்கப் புரோகிராம் எழுதினார். மொத்தம் 41 கட்டளைகள். இன்றைக்கு லிங்கரும் லோடரும் செய்யும் வேலையின் விதை அந்த 41 கட்டளைகளில் இருக்கிறது. சப்ரூட்டீன் தன் வேலை முடிந்ததும் கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போகும் உபாயமும் அவருடையதுதான். அதை 'வீலர் ஜம்ப்' என்றே சொல்வார்கள். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து 1951இல் வெளியிட்ட புத்தகம்தான் புரோகிராம் எழுதுவதைப் பற்றி வந்த முதல் பாடநூல். அதன் பெரும் பகுதி இந்த நூலகத்தைப் பற்றியதுதான். ஆக, கணினி பிறந்த உடனேயே பிறந்த முதல் யோசனைகளில் ஒன்று, ஒருவர் செய்ததை அடுத்தவர் பயன்படுத்துவது.

அடுத்து அமெரிக்கா. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியைக் கொண்டு வந்தார்கள். என் வயதுப் பொறியாளர்கள் பலருக்கு அதுதான் முதல் மொழி. துளை அட்டைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் காகிதத்தில் விடை வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். 1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2இல்தான் சப்ரூட்டீன்களைத் தனியாக மொழிபெயர்த்து வைத்துப் பிறகு சேர்க்கும் வசதி வந்தது. அன்றிலிருந்து விலாசத்துக்கு எண் போய்ப் பெயர் வந்தது.

பெயருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஏன் ஆறு? ஃபோர்ட்ரான் முதலில் ஓடிய ஐ.பி.எம். 704 கணினியில் ஒரு சொல்லின் அகலம் 36 பிட். ஒரு எழுத்துக்கு 6 பிட். ஆறாறு முப்பத்தாறு. ஒரு பெயர் ஒரு சொல்லுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்த இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கட்டுப்பாடு மட்டும் 1966 தரநிலையிலும் 1977 தரநிலையிலும் தங்கிவிட்டது. ஃபோர்ட்ரான் 90 வந்துதான் 31 எழுத்து வரை விட்டார்கள். மாமியார் வீட்டில் ஏன் என்று தெரியாமலே கடைப்பிடிக்கும் வழக்கங்கள் மாதிரி.

இந்த ஆறு எழுத்துக்குள் கணித நூலகம் கட்டியவர்களின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜிம் வில்கின்சன் என்று ஒருவர். 1946இல் அங்கே ஆலன் டூரிங்குக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். அந்த நாட்களில் 18 சமன்பாடுகள் கொண்ட ஒரு கணக்கு அவர்களிடம் வந்தது. கணினி இன்னும் கட்டி முடியவில்லை. டூரிங், லெஸ்லி ஃபாக்ஸ், குட்வின், வில்கின்சன் நால்வரும் மேசைக் கணக்கு இயந்திரங்களில் கைப்பிடி சுற்றிப் பல நாள் போட்டார்கள். வழி நெடுக எண்களைத் தோராயமாக்கிக்கொண்டே போகிறோமே, கடைசியில் பிழை மலை போல் ஏறிவிடும் என்பது அன்றைய அறிஞர்களின் பயம். முடிவில் விடையை எடுத்து மூலச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தார்கள். மிச்சம் ஆச்சரியப்படும்படி மிகமிகச் சிறியதாக இருந்தது. ஏன் அப்படி என்று கேட்டு அதற்கு விடை கண்டதுதான் வில்கின்சனின் வாழ்நாள் வேலையாயிற்று. 1970இல் அவருக்கு டூரிங் பெயரிலான விருதே கிடைத்தது.

விடையை எடுத்து மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

வில்கின்சனும் ரைன்ஷும் சேர்ந்து 1971இல் அல்கால் மொழியில் எழுதிய முறைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார்கள். அவற்றில் ஒரு பகுதியைச் சிகாகோவுக்கு அருகில் உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஃபோர்ட்ரானுக்கு மாற்றி, பல இடங்களில் பலவகைக் கணினிகளில் ஓட்டிச் சோதித்து, ஐஸ்பேக் என்ற பெயரில் கொடுத்தார்கள். அடுத்து 1979இல் லின்பேக். ஜாக் டொங்காரா, பன்ச், கிளீவ் மோலர், ஸ்டீவர்ட் நால்வர் வேலை. அதே 1979இல் லாசன், ஹான்சன், கின்கெய்டு, க்ராக் என்ற நால்வர் பிளாஸ் என்று ஒன்றை முன்வைத்தார்கள். இரண்டு எண் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டுவது போன்ற அடிப்படை வேலைகள் 38. பெரிய கணக்குகளை எல்லாம் இந்தச் சின்ன வேலைகளின் மேல் கட்டுங்கள், ஒவ்வொரு கணினிக்காரரும் இந்த அடித்தளத்தை மட்டும் தன் இயந்திரத்துக்கு ஏற்ற மாதிரி வேகமாக எழுதிக்கொள்ளட்டும் என்பது யோசனை. பெயரை மாற்றக்கூடாது, வேலையை மாற்றக்கூடாது. உள்ளே எப்படிச் செய்தாலும் சரி. சமையல்காரர் யாராக இருந்தாலும் 'ரசம்' என்றால் ரசம்தான் வரவேண்டும் என்ற ஒப்பந்தம்.

1992இல் ஐஸ்பேக்கையும் லின்பேக்கையும் ஒன்றாக்கிப் புதுக் கணினிகளுக்கு ஏற்றபடி லாபேக் வந்தது. ஆறு எழுத்துக் கட்டுப்பாட்டில் அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். டி-ஜிஇ-எஸ்வி. முதல் எழுத்து 'டி' என்றால் இரட்டைத் துல்லியம். 'ஜிஇ' என்றால் பொதுவான மேட்ரிக்ஸ். 'எஸ்வி' என்றால் தீர்த்துக்கொடு. நம் ஊரில் ஊர், அப்பா, பெயர் மூன்றையும் ஒரே வரியில் அடக்குவது போல.

இதை எல்லோருக்கும் எப்படிக் கொண்டு சேர்த்தார்கள் தெரியுமா? 1985இல் டொங்காராவும் எரிக் கிராஸும் நெட்லிப் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இன்னது வேண்டும் என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டால், மனிதர் யாரும் தொடாமல் இயந்திரமே அந்தப் புரோகிராமைப் பதில் மின்னஞ்சலில் அனுப்பிவிடும். காசு கிடையாது. கேம்பிரிட்ஜ் அலமாரி உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டது.

சரி, எல்லாம் நன்றாகத்தானே போகிறது, இனிஷியல் தகராறு எங்கே வந்தது என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸும் சி மொழியும் வளர்ந்தன. அந்தக் கம்பைலர் சி மொழிப் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அடிக்கோடு போட்டது. அசெம்பிளியில் எழுதிய பெயர்களோடு மோதக்கூடாது என்று. 1978 வாக்கில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனும் பீட்டர் வெயின்பெர்கரும் அங்கேயே ஃபோர்ட்ரான் 77க்குக் கம்பைலர் எழுதினார்கள். ஃபோர்ட்ரான்காரர் ஒருவர் தன் சப்ரூட்டீனுக்கு 'ஓப்பன்' என்றோ 'ரீட்' என்றோ பெயர் வைத்தால், யூனிக்ஸிலேயே அந்தப் பெயரில் உள்ளவரோடு குழம்பிவிடும். அதனால் ஃபோர்ட்ரான் பெயருக்குப் பின்னால் ஒரு அடிக்கோடு. ஆக ஒருவருக்கு இனிஷியல் முன்னால், மற்றவருக்குப் பின்னால். இரண்டுக்கும் நியாயமான காரணம் இருந்தது. இருபது வருடம் கழித்துத் திருச்சியில் ஒருவன் தலையைப் பிய்த்துக்கொள்வான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

1990இல் அதே ஃபெல்ட்மன், டேவிட் கே முதலானோருடன் சேர்ந்து எஃப்-டு-சி என்ற மொழிமாற்றி செய்தார். ஃபோர்ட்ரானைப் படித்து சி மொழியாக எழுதிக் கொடுக்கும். ஃபோர்ட்ரான் கம்பைலர் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு வரப்பிரசாதம். லாபேக்கை முழுவதுமாக அதன் வழியாக சி ஆக்கி, சிலாபேக் என்று வெளியிட்டார்கள். நான் இறக்கியது அதைத்தான். சி ஆக மாறினாலும் பின்னால் உள்ள ஃபோர்ட்ரான் அடிக்கோடு அப்படியே வரும். திருமணமாகிப் புகுந்த வீடு போனாலும் பிறந்த வீட்டு இனிஷியலை விடாத பெண் போல.

இதற்கு மேல் சி++ தன் பங்குக்கு ஒன்று சேர்த்தது. அந்த மொழியில் ஒரே பெயரில் பல சப்ரூட்டீன்கள் இருக்கலாம். பிரித்தறிய, ஒவ்வொன்றும் என்னென்ன வாங்கிக்கொள்ளும் என்பதையும் பெயரோடு குறியீடாகச் சேர்த்துக் கட்டிவிடும். விண்டோஸ் ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் சில இன்னொரு வழி வைத்திருந்தன. பெயர் முழுவதும் பெரிய எழுத்தில், கடைசியில் @ குறியும் ஒரு எண்ணும். டிஜிஇஎஸ்வி வாங்கிக்கொள்ளும் விவரங்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட், ஆகவே @32. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். தபால்காரர் என்ன செய்வார்?

இனித் திருச்சி.

முதல் மூன்று பிழைகளும் சி++ செய்த கோலம். நான் 'டிஜிஇஎஸ்வி_' என்று கூப்பிட்டதை அது தன் குறியீடுகளைச் சேர்த்து நீட்டிவிட்டது. நூலகத்தில் இருப்பதோ சி மொழிப் பெயர். 'எக்ஸ்டர்ன் சி' என்ற இரண்டு சொல்லை முன்னால் போட்டால், 'இவர் சி வீட்டுக்காரர், பெயரைத் தொடாதே' என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. போட்டேன். மூன்று பிழையும் போய், இருபது பிழை வந்தது!

முதலில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பிறகு பட்டியலை நிதானமாகப் படித்தேன். பிழைகளின் பெயர்களே ஒரு கதை சொல்லின. லாபேக் தன் வேலைக்குப் பிளாஸைக் கூப்பிடுகிறது, நான் பிளாஸ் நூலகத்தைச் சேர்க்கவில்லை. அதைத் தொகுத்துச் சேர்த்தேன், பாதிக்கு மேல் மறைந்தது. மீதியில் 'எஸ்_காப்பி', 'எஸ்_சிஎம்பி' என்று இதுவரை கேள்விப்படாத பெயர்கள். அவை எஃப்-டு-சி மொழிமாற்றியின் சொந்த உதவியாளர்கள். அந்தச் சின்ன நூலகத்தையும் சேர்த்தேன். அந்த மூன்று அடுக்கும் மூன்று காலகட்டத்து மனிதர்கள். பிழைப் பட்டியலை மேலிருந்து கீழே படிப்பது, கிணறு வெட்டும்போது மண் அடுக்குகளைப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்து எல்.என்.கே. 2005. ஒரே பெயரில் இரண்டு வீடு. நான் ஒரு நூலகத்தை ஒரு அமைப்பிலும் மற்றதை வேறு அமைப்பிலும் தொகுத்திருந்தேன். அதனால் சி மொழியின் அடிப்படை நூலகம் இரண்டு வடிவில் உள்ளே வந்து, நானே உண்மையானவன் என்று இரண்டும் நின்றன. தவறு என்னுடையது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே அமைப்பில் மறுபடி தொகுத்தேன். அந்த அவசரத்தில் என்னுடைய பிரதானக் கோப்பையே பட்டியலில் சேர்க்க மறந்தேன். உடனே 'மெயின்__ இல்லை' என்று ஒரு பிழை. என் 'மெயின்' இல்லாததால் எஃப்-டு-சி தன்னிடம் இருந்த 'மெயின்' ஒன்றை எடுத்து முன்னால் நிறுத்தியது. அது ஃபோர்ட்ரான் புரோகிராமின் தொடக்கத்தைத் தேடியது. மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மணையில் உட்கார்ந்து, பெண் எங்கே என்று கேட்ட கதை. அதற்கும் ஒரு அரை நாள்.

ஒரு வழியாகப் பிழை இல்லாமல் இணைந்தது. ஓட்டினேன். திரை அசையவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் அசையவில்லை. இயந்திரத்தின் துல்லியம் எவ்வளவு என்று தானே அளந்து பார்க்கும் டிஎல்ஏஎம்சிஎச் என்ற சப்ரூட்டீன் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. அதை மட்டும் வேகப்படுத்தாமல் தொகுக்க வேண்டும் என்று நிறுவும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கம்பைலர் வேகத்துக்காக எண்களை நினைவகத்துக்கு அனுப்பாமல் கூடுதல் துல்லியமுள்ள பதிவேட்டிலேயே வைத்துக்கொண்டால், அளவுகோலே நீண்டுவிடுகிறது. அளப்பது எப்படி முடியும்? குறிப்பை முதலிலேயே படித்திருந்தால் காபி மிச்சம்.

இப்போது ஓடியது. பாடப்புத்தகத்தில் இருந்து ஒரு தொடர் உத்தரக் கணக்கை எடுத்துச் சோதித்தேன். விடை புத்தகத்தோடு அப்படியே பொருந்தியது. வாய்க்கால் கணக்கைப் போட்டேன். தண்ணீர் மாறாமல் ஓடும் வரை எல்லாம் ஒழுங்கு. வெள்ளம் ஏற ஆரம்பிக்கும் இடத்திலும் எண்கள் வந்தன. அச்செடுத்து, எங்கள் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஓய்வுபெற்ற பொறியாளரிடம் பெருமையாகக் கொண்டு போனேன். கணினியைத் தொட்டே பார்க்காதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்த இடத்துல மேல இருக்கிற மட்டம் கீழ இருக்கிறதை விடக் குறைவா இருக்கே. தண்ணி மேடேறிப் போகுதா?"

"சார், இது உலகம் பூரா பயன்படுத்துற லைப்ரரி சார்."

"இருக்கட்டும். விடையைக் கொண்டுபோய்ச் சமன்பாட்டுல போட்டுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்று மாலை மூன்று சமன்பாடு மட்டும் உள்ள சின்ன வாய்க்கால் ஒன்றை எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. இரவு முழுவதும் யோசித்துக் காலையில்தான் பிடிபட்டது. ஃபோர்ட்ரான் ஒரு மேட்ரிக்ஸைச் செங்குத்து வரிசையாக அடுக்கும். சி கிடை வரிசையாக அடுக்கும். நான் சி முறையில் அடுக்கிக் கொடுத்ததை நூலகம் ஃபோர்ட்ரான் முறையில் படித்தது. வரிசைகள் இடம் மாறிய வேறொரு கணக்கை மிகச் சரியாகத் தீர்த்துக் கொடுத்தது. உத்தரக் கணக்கின் மேட்ரிக்ஸ் சமச்சீரானது. எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். அதனால் சோதனையில் தேறிவிட்டது. தண்ணீர் மாறாமல் ஓடும்போது மாற்றம் பூஜ்யம், அங்கேயும் தவறு தெரியாது. வெள்ளம் வந்தால்தான் தெரியும். அதாவது, எங்கே சரியாக இருந்தாக வேண்டுமோ சரியாக அங்கே மட்டும்தான் தவறு.

திருத்தம் இரண்டே வரி. கரையின் உயரம் திருத்திய கணக்கின்படிதான் போயிற்று. பெரியவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கெடும்.

அதற்குப் பிறகு எனக்கு லிங்கர் பிழைகள் மேல் கோபமே வருவதில்லை. அவர் வாசலிலேயே நிறுத்தி, இந்தப் பெயரில் ஆள் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். பயப்பட வேண்டியது, பெயர் பொருந்தி உள்ளே விட்ட பிறகு வரும் தவறுக்குத்தான். லிங்கருக்குத் தெரிந்தது பெயர் மட்டும். உள்ளே கொடுத்ததும் வாங்கியதும் சரிதானா என்று பார்ப்பது நம் வேலை. வில்கின்சனும் டூரிங்கும் கைப்பிடி சுற்றிய அன்று செய்ததும் அதுதான், எங்கள் பெரியவர் கேட்டதும் அதுதான். விடையைக் கொண்டுபோய்ச் சமன்பாட்டில் போட்டுப் பார். அதற்குப் பிறகு நான் அதைச் செய்யாமல் ஒரு கணக்கையும் வெளியே அனுப்பியதில்லை.

என் தோழரின் விஷயம் நேற்று முடிந்துவிட்டது. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை போட்டார். 'எக்ஸ்டர்ன் சி' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த முறை சத்தமாகச் சிரிக்கவில்லை.